விசிட்டர்ஸ் ரூமில் என் வீட்டுக்காரர்

போன மாதம் என் தங்கச்சியின் பேத்தியைப் பார்க்கப் பல்கலைக்கழக விடுதிக்குப் போயிருந்தேன். கையில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு போத்தல் சீனிச் சம்பல். கேட்டில் நின்ற காவல்காரர் தடுத்து, யாரைப் பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன முறை என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. சொந்தப் பாட்டியா, சும்மா பாட்டியா என்று மறுபடியும் கேட்டார். எண்பதைத் தாண்டிய கிழவி குமரிப்பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தாரோ என்னவோ. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்கியவள் நான்.

உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது. அறுபதுகளில் மாத்தளைக்குச் சற்று வெளியே, நாவுல போகிற பாதையில், பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. பகலில் நான் அங்கே மனையியல் விரிவுரையாளர். மற்ற நேரமெல்லாம் விடுதி வார்டன். மற்ற நேரம் என்றால், தூங்குகிற நேரமும் சேர்த்து. பிள்ளைகளின் கட்டில்கள் இருந்த நீள மண்டபத்தின் கடைசியில் எனக்கு ஓர் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, போடக்கூடாது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டை நினைத்து அழுகிறாள், யாருடைய இருமல் உண்மை, யாருடையது கணக்குப் பாடத்துக்குப் பயந்த இருமல், எல்லாம் அந்தத் திறந்த கதவு வழியாக எனக்குத் தெரியும். சோற்றை முதலில் நான் ருசி பார்க்க வேண்டும். பருப்பில் கல் இருந்தால் முதல் பல் என்னுடையது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிடிக்காமல் செய்தேன் என்று இப்போது பெருமைக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. டவுனுக்குப் போய் ஒரு சேலை வாங்க வேண்டும் என்றாலும் பிள்ளைகளைப் போலவே நானும் அனுமதி கேட்க வேண்டும். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகு வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த விடுதியின் சிவப்புத் தரைதான் ஞாபகம் வரும். சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, அதன் மேல் ஒரு காலை வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டித் தரையைத் தேய்ப்பார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டால் மெழுகு காயாது. மறுநாள் வருகிற தகப்பன்மார் வழுக்கி விழுவார்கள். ஒருவர் மகளுக்குக் கொண்டுவந்த பலகாரப் பெட்டியோடு விழுந்து, எழும்பி, பெட்டியைத்தான் முதலில் தட்டிப் பார்த்தார்.

தகப்பன்மார் வருவது விசிட்டர்ஸ் ரூமுக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து நாலு மணி வரை. எதிரும் புதிருமாக நாலைந்து பேர் உட்காரும் நீள மர வாங்குகள், நடுவில் சுவரோரம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் வார்டன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் இல்லாமல் நாற்காலி இருந்தால் விசிட்டர் இருக்கக்கூடாது. தகப்பன், கூடப்பிறந்தவன், சித்தப்பா, மாமா தவிர வேறு ஆம்பிளை வரக்கூடாது. பேசுவது நாற்காலிக்குக் கேட்க வேண்டும். இருபது வயதில், மீசை கூடச் சரியாக முளைக்காத எத்தனை சித்தப்பாமாரை நான் பார்த்திருக்கிறேன் தெரியுமா. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, என் உத்தியோகம் அதுதான். பிள்ளை முகத்தைப் பார்ப்பேன். சந்தோஷமாக இருந்தால் சித்தப்பா என்றே வைத்துக்கொள்வேன்.

அப்படி இருந்தவளுக்கே ஒரு ஆள் வந்து சேர்ந்தார். கற்பித்தல் பயிற்சிக்காகப் பிள்ளைகளை நாவுல, பல்லேபொல பள்ளிக்கூடங்களுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொருத்தி கையிலும் சுருட்டிய படங்கள். பஸ்ஸில் நெரிசல். படம் கசங்கினால் பாடம் போச்சு. அந்த பஸ் கண்டக்டர் படங்களையெல்லாம் வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாத்தி வைப்பார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவார்: “டீச்சர்மாருக்கு எடம் குடுங்க. நாளைக்கு ஒங்க புள்ளைகளுக்கு அடி கொறையும்.”

வாய்க்காரன் என்று நினைத்தேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். இரண்டு வாயும் ஒரு வருஷம் பஸ்ஸிலேயே சண்டை போட்டு, கடைசியில் மாத்தளையில் ரிஜிஸ்டர் செய்து, அம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டன. அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. “படிச்ச பொண்ணு நீ. கண்டக்டரா கெடச்சான்?” என்று கேட்டான். “ஏன், பஸ் ஓட வேணாமா?” என்றேன். அதற்குப் பிறகு அண்ணன் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

பெரிய சண்டை கல்லூரியில் இருந்தது. அதிபரைப் பெரிய மிஸ் என்போம். யாழ்ப்பாணத்து அம்மா. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கல்யாணம் முடிக்காதவர். விடுதியில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது அவரும் நானும் மட்டும்தான். மற்ற விரிவுரையாளர்கள் வீட்டுக்குப் போய்வருகிறவர்கள். தாலியோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

“சந்தோஷம்,” என்றார். “இந்தத் தவணைப் படிப்பு முடிய அறையை விடும். இஞ்ச தங்கிற வார்டன் கலியாணம் முடிக்கிறேல்லை. அது வழமை.”

“கல்யாணம் முடிச்சா, புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா பாக்கத் தெரியாம போயிருமா மிஸ்?”

“வழமை எண்டால் வழமைதான்.”

அறையை விட்டால் வார்டன் வேலை போகும். அது போனால் என்னைத் தூரத்து மன்னார்ப் பக்கம் எங்காவது மாற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஓடுவதோ நாவுல பஸ்ஸில். டிப்போவில் ஆறு ஆம்பிளைகள் படுக்கிற அறையில் அவருக்கு ஒரு பாய். வேலை வேண்டுமா, புருஷன் வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஏன், அவரிடம் யாராவது கேட்டார்களா? அவர் கல்யாணம் முடித்ததால் பஸ்ஸுக்கு என்ன கெட்டுப்போயிற்று?

“அறைய விட மாட்டேன் மிஸ்,” என்றேன். “எனக்கு ரெண்டும் வேணும்.”

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப உம்மட மனுசன் இந்தக் கேற்றுக்குள்ள காலடி வைக்கப்படாது. விசிட்டர் எண்டால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எல்லாருக்கும் உள்ள சட்டம் அவருக்கும்.”

என்னை அடக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் நாவுல கத்தரிக்காய் ஒரு பை. நான் முகம் கழுவி, பூ வைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக வாங்கில் உட்கார்ந்தேன். காவல் நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. அறையே அதைத்தான் பார்த்தது. மாத்தளை டவுன் கடைக்காரர் ஒருவரின் மகள் நஸீமா, அந்த வருஷத்துப் பிள்ளைகளில் துடுக்கானவள், தன் வாப்பாவின் பக்கத்தில் இருந்தபடி கேட்டாள்: “மிஸ், நீங்க இங்க வாங்குல ஈந்தா காவலுக்கு ஆரு?”

“சட்டப்படி ஒருத்தர் இருக்கணும் தானே. பெரிய மிஸ்ஸைக் கூட்டிட்டு வாங்க.”

அவள் ஓடினாள். பெரிய மிஸ் வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், கத்தரிக்காயைப் பார்த்தார். தகப்பன்மார் அறை நிறைய இருக்கிறார்கள், நாற்காலியை வெறுமையாக விட முடியாது. உள்ளே போய்க் குரோஷே பின்னலை எடுத்துவந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். தேனிலவுக்குத் தலைமை தாங்க அதிபர் கிடைத்த பெண் இலங்கையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மெதுவாகப் பேச முடியாதே. அதனால் அவர் பஸ் கதைகளைச் சத்தமாகச் சொல்வார். சந்தைக்குப் போகிற சேவல், டிக்கட் பரிசோதிக்க ஏறிய ஐயாவைக் கொத்திய கதை, பாதி வழியில் டயர் போய்ப் பயணிகள் எல்லாம் இறங்கித் தேநீர்க்கடையில் கல்யாணம் பேசி முடித்த கதை. தகப்பன்மார் தங்கள் மகள்மாரை விட்டுவிட்டு இவரைக் கேட்பார்கள். நாலு மணிக்கு மணி அடிக்கும். அவர் எழும்பி, பெரிய மிஸ்ஸுக்குக் கும்பிடு போட்டு, “வாறேன்மா” என்று போவார். பெரிய மிஸ் தலையை ஆட்டுவார், பின்னலிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. நான் விடுவேன் என்று பெரிய மிஸ்ஸும், அவர் விடுவார் என்று நானும் இருந்தோம். இடையிடையே கல்லூரி லீவு வரும். லீவுக்கு நாங்கள் ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுக்குப் போவோம். அங்கே ஒரே மூடுபனி. பக்கத்து லய வீட்டு வாசலில் யார் நிற்கிறார் என்றே தெரியாது. காவல் நாற்காலியும் கிடையாது.

ஆகஸ்ட் லீவு முடிந்து வந்து சில மாதத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாத நிலைமை எனக்கு. மறைக்க நினைக்கவும் இல்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்தில் முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்து சோற்றை ருசி பார்த்தேன். அப்போதுதான் ஒரு பிள்ளையின் பெற்றோர் மேலிடத்துக்கு முறையிட்டார்கள். குமரிப்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இரவில் ஆம்பிளை வந்து தங்குகிறானாம், வார்டனே கர்ப்பமாம்.

கல்வி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். விசாரணை நடந்ததும் அந்த விசிட்டர்ஸ் ரூமில்தான். அவர் வாங்கில் இருந்தார், நான் எதிர் வாங்கில். பெரிய மிஸ் பழக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே பிள்ளைகளின் தலைகள். என்னை அனுப்ப வேண்டும் என்று ஒரு வருஷமாக நிற்கிறவர் பெரிய மிஸ். மழுப்பலாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு மன்னார்தான்.

அதிகாரி அவரிடம் கேட்டார்: “வார்டன்ட புருஷன் இங்க தங்குறாரா?”

“இல்லை.”

“நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?”

“நான் தானே காவல் இருந்தனான். ஒவ்வொரு ஞாயிறும். ஒரு நாளும் நாலு மணி தாண்டேல்லை. இந்த அறை வாசல் தாண்டேல்லை.” கொஞ்சம் யோசித்து, “கையைக்கூடப் பிடிக்கேல்லை,” என்றும் சேர்த்தார்.

அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார். பிறகு பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். “அப்போ, இது?”

பெரிய மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷி. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “அது லீவில.”

யன்னலுக்கு வெளியே நஸீமாவின் சிரிப்பு முதலில் வெடித்தது. அதிகாரி இருமினார், டீயைக் குடித்தார், விதி மீறல் ஏதாவது உண்டா என்று கேட்டார். “ஒண்டும் இல்லை,” என்று பெரிய மிஸ் எழும்பிப் போய்விட்டார். நான் அதே அறையில் இருந்தேன், அதே வேலையில். பிரசவத்துக்குப் போய் மகனோடு திரும்பி வந்ததும் அதே அறைக்குத்தான். பெரிய மிஸ் ஒரு தவணை முழுக்க வேலை விஷயம் தவிர என்னோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பின்னலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பின்னால் வந்த அதிபர் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளில் டவுனில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்து, நான் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறினேன். பயிற்சிக் கல்லூரியை மூடிவிட்டார்கள். கட்டிடத்தில் இப்போது ஏதோ அலுவலகம். தரைக்கு ஓடு பதித்திருக்கிறார்கள், மெழுகு இல்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தங்கி, இருமலைக் கேட்டு எழும்பி வருகிற வார்டன் இப்போது எந்த விடுதியிலும் இல்லை என்றுதான் தங்கச்சி பேத்தியும் சொல்கிறாள்.

இந்தக் கதையைக் கேட்டு அவள், “பாவம் நீங்க, புதுசா கல்யாணம் முடிச்சு வாரம் ரெண்டு மணித்தியாலந்தானா?” என்றாள். எனக்கு அந்தப் பாவம் பிடிக்கவில்லை. வீடு கிடைத்த பிறகு முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். மனுஷன் பஸ்ஸிலிருந்து களைத்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். இப்போது அவரும் போய்விட்டார். ஆனால் எனக்காகத் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, இரண்டு மணி நேரம் என் முகத்தை மட்டும் பார்த்துப் பேசியது அந்த அறையில்தான். அந்த ஞாயிறுகள் யாரும் இரக்கப்பட்டுத் தந்தவை அல்ல, நாங்கள் சண்டை போட்டு எடுத்தவை. எனக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம்.