இரண்டு கொடிகள்

மேடவாக்கத்து ஃபிளாட்டின் பால்கனியில் பாகல் இலையைக் கிள்ளியதும் விரலில் ஏறிய கசப்பு மணம், சேலையூரில் நாலு குடித்தனத்தில் ஒன்றாக நாங்கள் இருந்த, இப்போது தடமே தெரியாமல்போன வீட்டின் கொல்லைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா அக்காவின் பாகல், நூல்போன்ற பற்றுக்கம்பியை நீட்டி, இருட்டில் சுவிட்சைத் துழாவும் கைபோல் காற்றில் மெல்லச் சுழன்று, முருங்கைக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவே அம்மா துணி உலர்த்தும் கயிற்றைத் தொட்டதுதான் தாமதம், சுற்றிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு செடியையே மேலே இழுத்துக்கொள்ளும். என்ன சாமர்த்தியம்!

துணி போட இடமில்லாமல்போன அம்மா ஒருநாள், "அந்தக் கொடிய அறுத்துடுங்க" என்றாள். எங்கள் பேச்சில் துணிக்கயிறும் கொடிதான். அப்பா முருங்கைப் பக்கம் கயிற்றை அறுத்துவிட்டார்.

"ஐயோ, என் செடி!" என்று ஓடிவந்தாள் ஸ்டெல்லா அக்கா.

கயிறு விழவில்லை. பற்றுக்கம்பிகள் அதை முருங்கைக் கிளையோடு சேர்த்துப் பிடித்திருந்தன. லேசாகத் தொய்ந்ததோடு சரி.

"பாத்தியாண்ணா, நீ அறுத்துட்ட, அது புட்ச்சிகினு கீது!"

அம்மா ஒரு ஈரத்துண்டைப் போட்டுப் பார்த்தாள். தாங்கியது.

"நீங்க போட்ட முடிச்சவிட இது தேவல," என்றாள் அப்பாவிடம். "வேற கயிறு வாங்கினு வாங்க. அந்தப் பக்கம் கட்டிக்கலாம்."