மணி அடித்தால் எடுக்காதீர்கள்

டயல்-அப் இன்டர்நெட் என்பது கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது மாதிரி: கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் சலிக்காமல் மறுபடி கொடுக்க வேண்டும்.

அந்தக் கிர்ர்ர், கொய்ங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தத் தடவையாவது சேருமா என்று மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தோழர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் மேசைக் கம்ப்யூட்டரில் பட்ட பாட்டை நான் உள்ளங்கை அகலமே உள்ள ஆர்கனைசரில் பட்டேன். சாம்பல் நிறத் திரை, எழுதுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி, அடியில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி மோடம். மோடத்தில் டெலிபோன் வயரைச் செருகினால் உலகமே வந்துவிடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

அதற்கு முன் நான் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சங்கம் கட்டினேன், வேலை போனது. என்னோடு தோள் சேர்ந்து நின்ற தலைவர்களில் சிலர் பிற்பாடு கார் வாங்கினார்கள், நான் வாய்தா வாங்கினேன். வேலைநிறுத்தங்கள் பல நடத்தியிருக்கிறேன். ஒன்றாவது முழுசாக ஜெயித்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவன், மீதியைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். அதற்காக வெட்கப்பட்டதில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவனம் இந்தக் கருவிகளைச் சில ஊர்களுக்குக் கொடுத்தது. காலையில் திருச்சிச் சந்தையில் சின்ன வெங்காயம் என்ன விலை என்பது, வியாபாரி வருவதற்கு முன் விவசாயி கைக்கு வர வேண்டும். அதுதான் திட்டம். போன் பண்ணிக் கேட்டால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாயால் சொன்னால் வியாபாரி "எவனோ சொன்னான்" என்பார், தேதியோடு எழுத்தில் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது என்றார் ஒருங்கிணைப்பாளர் பிரகாஷ். எழுத்தில் இருப்பதற்கு மரியாதை உண்டு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போய் இணைப்புக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

இதில் யாரையும்விட ஆவலாகக் காத்திருந்தவர் குன்னம் பக்கத்து வசந்தா. அவர் அப்பா காலம்வரை கூலி வேலை செய்த குடும்பம். வசந்தாவும் அவர் குழுப் பெண்களும் நிலம் குத்தகைக்குப் பிடித்து வெங்காயம் போட்டார்கள். எடுத்த வெங்காயத்தைக் கீற்று வேய்ந்து, காற்றோட்டமாக அடைத்து, பட்டறை போட்டு வைப்பார்கள். விலை பார்த்துப் பிரித்து விற்க வேண்டும். முந்தின வருடம் விலை விழுந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதை நம்பிப் பட்டறையைப் பிரித்தார்கள். விலை விழவே இல்லை என்று மறுநாள் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டுத்தான் வசந்தாவுக்குத் தெரிந்தது. இந்த வருடம் திருச்சி விலை கையில் இல்லாமல் பட்டறையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். நான் போன ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பட்டறை என் தலையில் இருந்தது.

கடைசிப் பக்கம்

கருவியோடு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். துண்டுப் பிரசுரம் படிப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு: கடைசிப் பத்தியை முதலில் படிக்க வேண்டும். நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் எழுதியிருப்பார்கள், முன்னால் இருப்பதெல்லாம் கோபம். அதே முறையில் இந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்து பிடித்தேன். பாதி புரிந்தது, மீதியை அகராதி புரியவைத்தது. கடைசிப் பக்கத்தில், எதுவும் சரிவராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

உலகத் தொழிலாளர்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசியவன் நான். கட்டணமில்லாமல் உதவி செய்யவும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய் எண்ணைச் சுழற்றினேன். பலமுறை சுழற்றியும் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து மேசையிலிருந்து பிரகாஷ் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது அமெரிக்காவுக்குள்ளதான் ஃப்ரீ அண்ணே. நமக்கு அது எஸ்டிடி கூட இல்ல, ஐஎஸ்டி."

பூட்டு

பூலாம்பாடியில் கருவி வைத்த வீடு, மலேசியாவில் மகன் சம்பாதிக்கும் வீடு. போனுக்குப் பூப்போட்ட உறை, உறைக்குள் எண் பொத்தான்களை மட்டும் மூடிய ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. வருகிற போனை எடுக்கலாம், போட முடியாது. சாவி வீட்டுக்காரர் இடுப்பில். மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் பேசிப் பேசி பில் ஏற்றிவிடுவாள் என்று பயம். சாவியைக் கொடுங்கள் என்றேன். "நம்பர் என்னன்னு சொல்லுங்க, நானே போடறேன்" என்றார். கருவிதான் போட வேண்டும் என்று சொன்னால் நம்பிக்கை வரவில்லை.

வாதாட எனக்கு அலுத்துவிட்டது. போன் வயரைச் சுவரிலிருந்து உருவி, மோடத்தின் வயரை அங்கே செருகினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கருவி தானாக எண்ணைப் போட்டு, கிர்ரென்று கத்தி, பெரம்பலூரைப் பிடித்துவிட்டது. அந்த ஊரில் விலை அன்றைக்கே வர ஆரம்பித்தது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. வீட்டுக்காரர் கருவியைப் பார்க்கவில்லை, பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் மருமகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தன வருசமா நான் யாரைத்தாங்க பூட்டி வெச்சிருந்தேன்?"

ரேடியோ மாதிரி

உடையார்பாளையம் பக்கம் இன்னொரு குழுவின் செயலாளர் முந்திரித் தோப்புக்காரர். கருவிகளுக்கு ஏங்கிப்போய் முதலில் கேட்டு வாங்கியவர். நான் போய் எண், பெயர், கடவுச்சொல் எல்லாம் ஏற்றிக் கொடுப்பேன், அழகாக வேலை செய்யும். மறுநாள் "ஒண்ணுமே இல்லீங்க, புதுசு மாதிரி இருக்கு" என்று போன் வரும். மறுபடி பஸ் பிடிப்பேன். திரையின் மூலைகளைக் குச்சியால் தொட்டுக் காட்டுவதிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. நல்ல நிலத்தில் தினமும் விதைத்து, தினமும் யாரோ பிடுங்கிப் போட்ட மாதிரி.

கருவியில் ஏதோ கோளாறு என்று பிரகாஷிடம் சண்டை கூடப் போட்டுவிட்டேன். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தபோது விஷயம் புரிந்தது. இருட்டத் தொடங்கியதும் செயலாளர் கருவியின் முதுகைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் எடுத்து, துணியில் சுற்றி, பவுடர் டப்பாவில் பத்திரப்படுத்தினார். ஐயா, பேட்டரியைக் கழற்றினால் அதற்குள் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று கத்தினேன். அவர் எனக்காக வருத்தப்படுகிறவர் போலப் பார்த்தார்: "எங்க வூட்டு ரேடியோவுக்கு ராத்திரில அப்புடித்தானுங்க கழட்டி வெக்கிறோம். அது என்ன, காலைல ஸ்டேஷனை மறந்தா போயிடுது?"

கேட்

அந்தச் சுரங்கத்தை நடத்தி, என்னை வெளியே அனுப்பிய சிமென்ட் ஆலையின் அதிகாரி ஒருவரும் இதே போன்ற கருவியைச் சொந்தமாக வாங்கிவிட்டு, இணைப்புக் கொடுக்க ஆள் தேடினார். மாவட்டத்தில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். போக வேண்டாம் என்றது மனசு. போய்த்தான் பார்ப்போமே என்றது அதே மனசு. எந்தக் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டேனோ, அதே கேட் வழியாகப் பையோடு உள்ளே போனேன்.

உள்ளே இணைப்புச் சேரவே இல்லை. ஆலையின் டெலிபோன் ஆபரேட்டர் அம்மாதான் விளக்கினார். உள்ளே எத்தனை மேசையில் போன் இருந்தாலும் வெளியே போகும் லைன் நாலுதான், நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் அஞ்சாவது ஆள் யாராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். லைன் காலியானதும் சேர்ந்துவிட்டது. அந்த அம்மா சொன்னதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டேன். திரும்பும்போது கேட்டில் நின்ற காவலாளி பழைய ஆள், என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நோட்டை நீட்டிவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு உங்கள உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர் அண்ணே. இன்னிக்குக் கையெழுத்துப் போடாம வெளிய வுடக் கூடாதுன்னு ஆர்டர்."

எல்லா இணைப்புகளும்

வசந்தாவின் ஊரில் மற்ற நாளெல்லாம் கருவி பேசும், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பேசாது. வியாபாரி சாக்கும் தராசுமாக வருவதும் வெள்ளிக்கிழமை காலையில்தான். மோடத்தைக் கழற்றிவிட்டுப் போனில் அதே எண்ணைப் போட்டுக் கேட்டால், நம் எல்லாருக்கும் பழக்கமான அந்தப் பெண் குரல்: இந்த வழித்தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. ஆபரேட்டர் அம்மா சொன்னது அப்போது உறைத்தது. ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்து டவுனுக்குப் போகும் லைன்கள் கொஞ்சம்தான். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். லீவு நாளில் வீட்டுக்குப் பேசுகிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

வருகிற வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் பெரியவர்கள் கணக்குப் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை விலை வராத ஊர்க் கருவி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்று பிரகாஷ் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை வசந்தா வீட்டு வாசலில் கருவியை வைத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்ப முயன்றேன். வியாபாரி சைக்கிளை நிறுத்தி, பட்டறையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய கதையெல்லாம் அவருக்குத் தெரியும். சொன்னார்: "என்ன தலைவரே, நீங்க தொட்டா மெஷினும் ஸ்ட்ரைக் பண்ணுதா?"

ஒரு மணி நேரம்

கோபத்தில் எனக்கு வழக்கம் போல ஒரே ஒரு யோசனைதான் வந்தது. வேலைநிறுத்தம். வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்து வரை ஊரில் யாரும் போனைத் தொடக் கூடாது. அன்று மாலையே ஒரு துண்டறிக்கை எழுதினேன். உழைக்கும் மக்களே என்று தொடங்கி, பக்கம் நிரம்பியது. வசந்தா வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் காலியாக இருப்பதைத் திருப்பியும் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணே. இத எடுத்துக்கிட்டு நம்ம வூடு வூடா போயி, இதுல இல்லாததச் சொல்லுவோம், வாங்க" என்றார்.

போனோம். முந்தின வருடம் ஏமாந்ததை வசந்தா சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஜமீலாவிடம் கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவர் புருஷன் குவைத்தில் டிரைவர், ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் அவர் பேசுகிற அந்த ஒரு போன்தான் வாரத்தில். சொல்லிவிட்டு நின்றோம். ஜமீலா முந்தானையை இழுத்துக்கொண்டு போனைப் பார்த்தார். பிறகு வசந்தாவிடம் சொன்னார்: "அவருக்கு முன்னாடியே சொல்ல வழியில்லடி, அடிக்கத்தான் செய்வாரு. எடுக்காம இருந்துடுவேன், இன்ஷா அல்லாஹ். ஆனா மணி அடிக்கையில யாராவது வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க."

வெள்ளிக்கிழமை

ஒன்பது மணிக்கு வசந்தா வீட்டுத் திண்ணையில் கருவியோடு உட்கார்ந்தேன். குழுப் பெண்கள் பட்டறையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி மட்டும் ஜமீலா வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் தடவை போட்டேன், சேரவில்லை. இரண்டாவது தடவையும் சேரவில்லை. ஒவ்வொரு வீடாக மணி அடித்து, ஓய்ந்தது. ஜமீலா வீட்டில் அடித்தது எல்லாருக்கும் கேட்டது. நீளமாக அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. தெருவில் யாரும் அசையவில்லை. ஊரில் பேச்சுக் குரல் கேட்டது ஒரே வீட்டிலிருந்துதான்: அதே ஊர்க்காரரான வியாபாரி தன் வீட்டுப் போனில் திருச்சிக்குப் பேசிக்கொண்டிருந்தார். எந்த வேலைநிறுத்தத்திலும் ஒரு கருங்காலி உண்டு. இருக்கட்டும், ஒரு லைன் போனால் போகட்டும் என்று மறுபடி போட்டேன். கிர்ரென்றது. கொய்ங் என்றது. சேர்ந்தது. திரையில் தேதி, சந்தை, வெங்காயம், விலை.

வியாபாரி வந்தார். "விலை விழுந்துபோச்சும்மா, இப்பதான் திருச்சிக்குப் பேசிட்டு வரேன்" என்றார். வசந்தா கருவியை வாங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார், மறுபடி படித்தார், வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்றார். நிழலில் காட்டினார்கள். அப்போது அவர் வேறு மாதிரி பேசினார். பட்டறையில் எவ்வளவு நாள்தான் போட்டு வைப்பாய், அழுகினால் யாருக்கு நஷ்டம் என்றார். வசந்தா பட்டறைக் கீற்றைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "இது இன்னும் ரெண்டு மாசம் தாங்கும் மாமா. நீங்க தாங்குவீங்களா?"

அடுத்த வாரமே அவர் திருச்சி விலைக்கு வந்து வாங்கிப் போனார். கருவியும் ஊரிலேயே தங்கியது. ஜமீலாவின் புருஷன் அன்று பத்தரை மணிக்கு மறுபடி பேசினார், நன்றாகத் திட்டினார், பிறகு விலை என்ன ஆனது என்று கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாயைத் திறங்கள், குரலை உயர்த்துங்கள் என்று வாழ்நாளெல்லாம் கத்திய எனக்கு முழுசாக வெற்றி கிடைத்த ஒரே வேலைநிறுத்தம், யாரும் ஒரு மணி நேரம் ஹலோ கூடச் சொல்லாமல் இருந்ததுதான்.