பெண் பார்க்க வந்தவர் பார்த்த கால்

என் இடது தொடைக்குள் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில், வண்டியூர் தெப்பக்குளம் ஸ்டாப்பில் டவுன் பஸ் நிற்பதற்குள் இறங்கிய அவசரக்குடுக்கை நான். எலும்பு இரண்டாக முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பியைச் செருகினார்கள். தேறி எழுந்ததும், நான் டீச்சராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பையே கேட்டு வாங்கிக்கொண்டேன். லேசாகச் சாய்ந்துதான் நடப்பேன். முழங்கால் முழுசாக மடங்காததால் தரையில் உட்கார முடியாது. மற்றபடி வலி என்று ஒன்று கிடையாது. எனக்கு அந்தக் காலின்மேல் பெருமைதான்.

அம்மாவுக்கோ அதுவே பெருங்கவலை. நான் சாய்ந்து நடப்பதைப் பார்த்தே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது வரன் கீழக்குயில்குடிப் பக்கம், விவசாயக் குடும்பம், பேங்கில் கிளார்க். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதாவது நிலைக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அம்மா ஒரு திட்டம் போட்டாள். அவர்கள் வருமுன்பே என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது. காபியைச் சித்தி கொடுப்பாள். விழுந்து கும்பிடச் சொன்னால், காலில் முள் குத்தியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்வது என்று கேட்டேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். நல்ல திட்டம் போங்கள்!

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கம்பை ஊன்றி, மகன் தோளைப் பிடித்தபடி நுழைந்தார். ஜமக்காளத்தில் உட்காராமல் நாற்காலி கேட்டு வாங்கினார். என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீட்டியிருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்திக்கொண்டு முள் கதையை எடுத்துவிட, என்ன முள் என்று அவர் கேட்டார். அம்மா கருவேல முள் என்றாள். அதே நேரத்தில் சித்தி நெருஞ்சி முள் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முள்ளெல்லாம் இல்லைங்க. எலும்பு முறிஞ்சு உள்ள கம்பி வச்சிருக்கு. சாஞ்சுதான் நடப்பேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இதுவும் போயிற்று என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். மாடிப்படி ஏறச் சொன்னார். வந்த கோபத்தில் விறுவிறுவென்று ஏறி இறங்கினேன். ராத்திரியில் குடையுமா, மழைக்கு இழுக்குமா, கத்தி வைத்தபோது வலி தெரிந்ததா என்று கேள்விமேல் கேள்வி. மாட்டுச் சந்தையில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள் என்று நினைத்தபடியே பதில் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். களத்தில் வழுக்கி விழுந்து தன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததாம். ஒரு வருஷமாகியும் கூடவில்லையாம். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஊரில் யாரோ பயமுறுத்தியதில், மாட்டவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாராம்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட நான் வாரேன்னு சொல்லிரு" என்றார் மகனிடம். பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு மதினி. என்னைய உள்ள கொண்டு போறப்ப ஒங்க மக என் பக்கத்துல இருக்கணும். மருமகளா இருக்கணும்."

அம்மா அழுதுவிட்டாள். நானும்தான், எதற்குப் பொய் சொல்ல?

கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே ஆபரேஷன். தியேட்டர் வாசல்வரை என் கையை விடவில்லை மாமியார். இடுப்பில் உலோகப் பந்து வைத்தார்கள். கொஞ்ச நாள் முனகினார், என்னை ஏசினார், பிறகு கம்பைப் போட்டுவிட்டு நடந்தார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, மாசி வீதிக் கூட்டத்தில் எனக்கு முன்னால் விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்னத்த நடக்குற நீ? இந்தா, என் கையப் பிடிச்சுக்க."