வியாழக்கிழமையைப் பற்றிய கேள்வி

கோர்ட்டு கிளார்க்குகளுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்துமா என்று யாராவது கேட்டால், பொருந்தும் என்றுதான் சொல்வேன். நானே மனு போட்டுப் பதில் வாங்கினவன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

ரப்பர் மரங்கள் நிற்கும் எங்கள் விளைக்குப் போகும் பாதையைப் பக்கத்து விளைக்காரர் வேலி கட்டி அடைத்துவிட்டார். வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் தீர்ப்பு நகல் கையில் இல்லாமல் வேலியைத் தொட முடியாது. நகல் மனு போட்டுவிட்டு நடையாய் நடந்தேன். போகும்போதெல்லாம் வழக்குக் கட்டு இங்கே இல்லை என்பார்கள். கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா. சில நாள் அவர் நாற்காலியே காலியாக இருக்கும்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக்குறிப்பைச் சொல்வோம். அங்கே கேட்டது வாசல் தாண்டக் கூடாது. வியாழக்கிழமைதோறும் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போவதாகவும், ஆபீசில் வீட்டுக்காரியம் என்று சொல்லி லீவு எடுப்பதாகவும் அக்கா அங்கே சொல்லி அழுதார். அன்று அவருக்காக ஜெபித்தவன் நான்தான்.

வக்கீல் குமாஸ்தா, தகவல் சட்டத்தில் ஒரு மனு தட்டினால் காரியம் தானே அசையும் என்றார். கட்டு எங்கே, நகல் ஏன் தாமதம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விளைக்குள் போய் ரப்பர் பால் வெட்ட முடியாமல் கிடந்த எரிச்சல். வியாழக்கிழமைகளில் அந்தக் கிளார்க் இருக்கையில் இருக்கிறாரா, லீவுக்குக் காரணம் என்ன என்றும் சேர்த்துவிட்டேன்.

பதில் வந்தது. எதிராளி மேல்முறையீடு செய்ததால் கட்டு மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறதாம். வழக்குத் தாள்களை இந்தச் சட்டத்தில் தர மாட்டார்கள், நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒருவருடைய லீவு விவரமும் தருவதற்கில்லை. அக்கா மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பதில் எழுதும் முன் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று குமாஸ்தா சொன்னார். நோயை அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது.

சபையில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஒருவரை நோகடித்துவிட்டு அப்பத்துக்குக் கை நீட்ட எங்களுக்குத் துணிவு வராது. அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்றேன். அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“சட்டம் எங்களுக்கும் உண்டு மக்கா. கட்டு எங்கேண்ணு நீ ஆயிரம் தடவ கேளு, பதில் சொல்லணும். வியாழக்கிழமைய நான் ஒனக்கு ஜெபிக்கத்தானே தந்தேன்?”

மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சபைக் கோவிலில் அப்பம் வாங்க அக்கா முன்னே போய் முழங்கால் படியிட்டார். என் மனைவி கையைப் பிடித்து இழுத்தும் நான் பெஞ்சைவிட்டு எழவில்லை.

நகல் பிறகு கிடைத்தது. கோவிலில் எதிர்ப்பட்டால் அக்கா சிரிக்கிறார். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.