மோதரகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்துக்கு நிறம் தீட்டியபோது புத்தளத்துக்கு மஞ்சளும் மன்னாருக்குப் பச்சையும் கொடுத்து, நடுவே கறுப்புக் கோடு ஒன்றை அழுத்திப் போட்டேன். மண்ணிலும் அப்படியொரு கோடு இருக்கும் என்றே நம்பியிருந்தேன்.

நான் பிறந்தது புத்தளத்துத் தில்லையடியில். ஆனாலும் யாராவது ஊரைக் கேட்டால் "மன்னார்" என்பேன். வாப்பா பழக்கிய பழக்கம் அது. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வந்தவர், புத்தளத்தில் கடை போட்டு, வீடு கட்டி, என்னையும் பெற்ற பிறகும் அந்த ஒரு பதிலை மட்டும் மாற்றவில்லை. "இன்னுமா மன்னார்?" என்று கடைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். "ஓம், மன்னார்தான்" என்பார்.

யுத்தம் முடிந்து வில்பத்துக் காட்டுப் பாதை திறந்ததும் வேன் பிடித்துப் புறப்பட்டோம். ஊர்க்கதை சொல்லி உம்மாவுக்கு வாய் ஓயவில்லை. எழுவன்குளத்தில் கலா ஓயா ஆற்றைக் கண்டதும், கோடு வந்துவிட்டது என்று நான் எழும்பி நின்றேன்.

"இது இல்ல மகள். இன்னும் புத்தளம்தான்" என்றார் வாப்பா.

பிறகு காடு, காடு, காடு. மயில்கள் வழிவிட மனமில்லாமல் பாதையில் நடந்தன. ஒரு வளைவில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. நான் தீட்டிய மஞ்சளுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

கடைசியில் மோதரகம் ஆறு வந்தது. கோடையில் வற்றி, மருத மரங்களுக்கு நடுவே அகன்ற வெண்மணலாகக் கிடந்தது. வேன் மெல்ல இறங்க, நாங்கள் பின்னால் நடந்தோம். நடுவில் வாப்பா நின்றார். "இந்தா, இதுதான் எல்லை."

இரண்டு பக்கத்து மணலையும் இரண்டு கையிலும் அள்ளிப் பார்த்தேன். ஒரே நிறம். கோடே இல்லாமல் ஓர் எல்லை இருக்க முடியும் என்பது யானையைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

அக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கிட்ட வந்தார். வாப்பாவின் வயதுதான் இருக்கும்.

"எவ்விடத்து ஆக்கள்?"

எனக்குத் தெரிந்த பதில். சொல்ல வாயெடுத்தேன். வாப்பா முந்திக்கொண்டார்.

"புத்தளம்."

அவர் தலையாட்டிவிட்டு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார். உம்மா ஊர்க்கதையைப் பாதியில் விட்டுவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

எனக்கோ வாப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை காலம் சரியாகச் சொன்னதை, சொல்ல வேண்டிய இடத்தில் பிழைவிட்டுவிட்டார். வேன் குலுக்கலில் மறந்திருக்கும் என்று நினைத்து, அவரைக் குனியச் சொல்லி, யாருக்கும் கேட்காமல் காதுக்குள் எடுத்துக்கொடுத்தேன்.

"மன்னார், வாப்பா."