இரண்டு அடுக்குத் தட்டு

பூந்தமல்லியில் பழைய ஆடியோ சாமான் வாங்கி விற்கும் பாய் ஒருவர், ஒருநாள் போன் பண்ணி, "அண்ணாத்தே, உனக்குன்னே ஒரு ஐட்டம் வந்துகீது" என்றார். எனக்கென்றே ஒன்று வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஜாதி நான். இருந்தாலும் கிளம்பினேன்.

வந்திருந்தது எஸ்.ஏ.சி.டி. பிளேயர். அதற்கான தட்டு பார்வைக்கு சாதாரண சிடி மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதற்குள் இரண்டு அடுக்காம். ஒன்றில் சாதாரண ஒலி, இன்னொன்றில் அதே பாட்டு பல மடங்கு நுணுக்கமாக. அந்த நுணுக்கத்தைப் படிக்கத் தனி மெஷின் வேண்டும். எங்கள் அம்பத்தூர் வீட்டில் இருக்கும் சிடி பிளேயரைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது பாயின் ஏற்பாடு.

அந்தப் பழைய பிளேயரில்தான் என் மனைவி தினமும் காலையில் பாட்டு போட்டுக்கொண்டு சமைப்பாள். அதனால் அவளும் வந்தாள். ஸ்கூட்டரில் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளங்களில் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும், "பாத்துப் போங்க, இது உள்ள உடைஞ்சா பாய் எடுத்துக்க மாட்டாரு" என்றாள். என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாய் ஒரு வயலின் தட்டைப் போட்டார். என்னைப் போன்ற ஆடியோ பைத்தியங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: நல்ல சாமானைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடினேன்.

"இது சாதா அடுக்கு" என்றார். கேட்டேன். பாட்டை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்.

"அடேயப்பா!" என்றேன். "கதவத் தொறந்துவிட்ட மாதிரி கீது பாய். வாசிக்கிறவர் பக்கத்துல உக்காந்துகினு கீறாரு."

"அண்ணாத்தே, நான் இன்னும் மாத்தவே இல்ல. ரிமோட்ட எங்கியோ வெச்சுட்டேன், அத்தத்தான் தேடிகினு கீறேன்."

கண்ணைத் திறந்தேன். மனைவி சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிறகு பாய் ரிமோட்டைக் கண்டுபிடித்து நிஜமாகவே மாற்றினார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஆனால் சந்தேகம் பாய் மேல் வந்தது. பொய் சொல்லி விற்பவனைச் சமாளித்துவிடலாம், உண்மையைச் சொல்லி விற்பவனை எப்படி நம்புவது?

"தட்டைப் படிக்கிற லென்ஸ் போனா வேற கிடைக்குமா பாய்?"

"அது இன்னாத்துக்குப் போவப்போவுது?"

"போனா?"

"தேடணும்."

"தட்டு?"

"என்னாண்ட அஞ்சு கீது. அல்லாம் வயலினு, பியானோ."

"நம்ம சினிமாப் பாட்டு?"

"அத்த நான் இதுல பாத்ததே இல்ல அண்ணாத்தே. ஆனா உன் பழைய சிடியும் இதுல ஓடும். அதுக்கு நான் கேரன்ட்டி."

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் பிரவுசிங் சென்டரில் தனக்குப் பிடித்த பாட்டையெல்லாம் சொல்லி காப்பி போட்டு வாங்கிய சிடி. அட்டை கிடையாது, மேலே மார்க்கர் பேனாவில் 'என் பாட்டு' என்று இருக்கும். எங்கள் வீட்டில் இருக்கிற எல்லாத் தட்டுகளுமே இப்படித்தான். கடையில் அட்டையோடு வாங்கியது ஒன்றுகூட இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மெஷின் தட்டை உள்ளே இழுத்தது. முனகியது. யோசித்தது. உள்ளே தட்டே இல்லை என்று திரையில் காட்டியது. பாய் துடைத்துப் போட்டுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மறுபடி அதே பதில்.

"காப்பி டிஸ்க்கு அக்கா" என்றார் மெதுவாக. "சில மெஷினு ஒரிஜினல் மட்டுந்தான் படிக்கும்."

"எங்க பிளேயர் படிக்குதே."

"அது நல்ல மனசு உள்ளது."

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்ப காலைல நான் இந்த வயலினத்தான் கேக்கணுமா?"

பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாய் ஒன்றும் கோபிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று முதலில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன்.

வேலப்பன்சாவடி தாண்டியதும், "நல்லவேளை, தப்பிச்சோம். ரெண்டு அடுக்காவது, மண்ணாவது. சும்மா பேரு" என்றேன்.

"இல்லங்க, வித்தியாசம் இருந்துச்சே" என்றாள் பின்னாலிருந்து. "அவரு மாத்துனதுக்கு அப்புறம், வாசிக்கிறவரு மூச்சு இழுக்கறதுகூடக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களே."