மீதி டேப்பில் போட்ட இசை

கல்யாண வீட்டுக் கூட்டத்தையே எழுந்து போக வைத்த ஓர் இசை, என் கைக்குழந்தையை மட்டும் எப்படித் தூங்க வைத்தது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடமும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் அதற்காகக் கவலைப்படவில்லை.

பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்த தகுதிக்கு எனக்குக் கிடைத்தது, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கேசட் ரெக்கார்டிங் கடையில் வேலை. கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுத, கடைக்கார அண்ணாச்சி ஆள் தேடிக்கொண்டிருந்தார். செடிகளின் லத்தீன் பெயர்களையே பிழையில்லாமல் எழுதியவள் என்பதால் தேறிவிட்டேன். கைக்குழந்தையோடு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பின்னால ரூமுல தொட்டில் கட்டிக்கோம்மா. யாவார நேரத்துல அழுகைச் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது" என்றார்.

எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆக, பிள்ளை அழாமல் இருக்கும்வரைதான் எனக்கு உத்தியோகம்.

வாடிக்கையாளர் பிடித்த பாட்டுகளைச் சொல்வார். அவற்றை வரிசையாகக் கேசட்டில் ஏற்றுவோம். பாட்டுகள் முடிந்த பிறகு ஒவ்வொரு சைடிலும் இரண்டு மூன்று நிமிட டேப் மீதியிருக்கும். அதை வெறுமனே விட்டால் முழு டேப்புக்குத்தானே காசு கொடுத்தோம் என்று சண்டைக்கு வருவார்கள். எனவே மீதியில் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்புவது கடை வழக்கம்.

அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. துபாயிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. உள்ளே ஆறு எல்.பி. ரெக்கார்டுகள். ஆறும் ஒரே ஐரோப்பிய இசையமைப்பாளர் எழுதியவை, இந்த நூற்றாண்டுக்காரர். முதலாவது உலகப் புகழ் பெற்றது என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். முரசு அடித்துக்கொண்டு கம்பீரமாகத் தொடங்கும். அதன் முதல் மூன்று நிமிடங்களை அறியாதவர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. நான்காவது நிமிடத்தை அறிந்தவரும் இல்லை. அதற்குள் டேப் தீர்ந்துவிடும். மற்ற ஐந்தும் சும்மா எடைக்காக வைத்தது என்பது அண்ணாச்சியின் இசை விமர்சனம். கேட்காமலேயே சொல்லிவிடும் அளவுக்கு ஞானம்.

ஏற்றும்போது ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துச் சத்தமாக வைக்க வேண்டும். அதுதான் கடைக்கு விளம்பரம். முரசு ஒலித்ததும் தொட்டிலில் என் மகன் அலறுவான். ஒரு நாளில் எத்தனை கேசட்டோ அத்தனை அலறல்.

ஒரு மதியம் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தபோது மூன்றாவது ரெக்கார்டை வைத்துப் பார்த்தேன். வயலின்களை வில்லால் வாசிக்காமல் விரலால் சுண்டினார்கள். பிறகு யாரும் எதுவும் வாசிக்கவில்லை. ஊசி நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். ரெக்கார்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம். பதறிப்போய்த் திரும்பினேன். பிள்ளை தூங்கிவிட்டான்.

வேறு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தூங்குத பிள்ளைய எழுப்பி எதுக்கும்மா இங்கன தூக்கிட்டு வந்தீங்க?"

அதன்பின் மதிய வேளைகளில் மற்றவற்றையும் கேட்டேன். இரண்டாவதில் பெண்கள் வார்த்தையே இல்லாமல் பாடினார்கள். ஐந்தாவதில் பியானோவை வாசிக்கிறார்களா, துடைக்கிறார்களா என்று கடைசிவரை பிடிபடவில்லை. பிள்ளைக்கு மூன்றாவதுதான் ஒத்துக்கொண்டது. மீதி டேப்பில் அதையே போடத் தொடங்கினேன். எழுதியவர் ஒருவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சிவகிரி மைக்செட்காரர் ஒருவர் கல்யாணத்துக்காகக் கேசட் வாங்கிப் போனார். மறுநாளே அதோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில நிக்காவ. கடைசிப் பாட்டு முடியுது, பொறவு சத்தத்தையே காணோம். ஆம்ப்ளிஃபயர் போச்சுன்னு மூடியக் கழத்திக் கைய உள்ள விடுதேன், மேல குழாய் ஸ்பீக்கர்ல கர்ருன்னு இழுக்கு. பொண்ணுக்குத் தாய்மாமன் என்னைய முறைச்ச முறைப்பு இருக்கே..."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். மூன்றாவது ரெக்கார்டு என்றும், அதே ஆள் எழுதியதுதான் என்றும் சொன்னேன்.

"அவருக்கு அந்த மொத ரெக்கார்டு ஒண்ணுதானம்மா வரும்" என்றபடி தொட்டிலைப் பார்த்தார். நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். அவரோ அந்த மூன்றாவது ரெக்கார்டை எடுத்துச் சுற்றவிட்டார். விரல்கள் சுண்டின, தகரம் இழுபட்டது. பாட்டுத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த இருவர் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சிணுங்கிக்கொண்டிருந்த என் மகன் அடங்கினான். வெறிச்சோடிய வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் மைக்செட்காரர்.

"அண்ணாச்சி, இத முழுசா ஒரு கேசட்டுல ஏத்தித் தாங்க" என்றார். "விசேஷம் முடிஞ்சாலும் ஒருத்தனும் கலைய மாட்டேங்கான். இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டுன்னு உசுர வாங்குதானுவ. நேத்து இது முடியுததுக்குள்ள பந்தல் காலி. கடைசி பஸ்ஸப் பிடிச்சிட்டேன்லா."

அடுத்து கரிவலம்வந்தநல்லூர் மைக்செட்காரர் வந்தார். அவர் சொல்லி இன்னொருவர். அட்டையில் 'கூட்டம் கலைய' என்று எழுதச் சொன்னார் அண்ணாச்சி. எழுதினேன். அடியில் இசையமைப்பாளர் பெயரையும் பிழையில்லாமல் எழுதினேன். எந்தப் பெரிய அரங்கை நினைத்து அந்த மனிதர் உழைத்தாரோ, சமையல்காரர்களும் மைக்செட்காரர்களும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தது அவரால்தான். நாள் முழுவதும் மூன்றாவது ரெக்கார்டு ஓடியது. பிள்ளை தூங்கினான். என் வேலையும் நிலைத்தது.

இதில் கற்ற பாடம் என்று ஒன்றைச் சொல்லலாம். ஒருவர் எழுதியதில் எது நல்லது என்பதை உறையில் அச்சடித்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவரவர் தேவை அவரவருக்கு.

மகன் இப்போது ஓடி விளையாடுகிறான். ஆடித் தபசுத் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறினாலும் தூங்குகிறான். அவனுக்கு அந்த இசை தேவைப்படவில்லை. ஆனாலும் அவன் தூங்கிய பிறகு, எனக்கென்று ஏற்றிக்கொண்ட 'கூட்டம் கலைய' கேசட்டைச் சத்தத்தைக் குறைத்துப் போடுகிறேன். அதான் தூங்கிட்டானே, இன்னும் எதுக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். நிறுத்தினால் முழித்துவிடுவான் என்கிறேன்.

அவரும் இதை எத்தனை நாள் நம்புவார்? பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு என்ன காரணம் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள். அப்படியே, அந்த மனிதர் ஏழாவதாக ஏதாவது எழுதியிருக்கிறாரா, அது எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் தெரிவியுங்கள்.